இஸ்பஹான் மதரசாவும் ஒரு சட்டி நண்டுக் கறியும்

ஆக்லாந்து விமான நிலையத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "உங்கள் செருப்பில் மண் இருக்கிறதா?" என்பது. கடல் கடலாகத் தாண்டி, இடுப்பு கழன்று வந்து இறங்கியவளிடம் கேட்கிற கேள்வியா இது? கழற்றித் திருப்பிப் பார்த்தேன். ராயப்பேட்டை மண் அப்படியே அப்பியிருந்தது. சீருடை போட்ட பெண் அதை வாங்கிக்கொண்டு போய்த் தேய்த்துக் கழுவி, துடைத்து, இரண்டு கையாலும் கொண்டுவந்து நீட்டினார். எனக்கே கூச்சமாகிவிட்டது.

"எதற்காக வந்திருக்கிறீர்கள்?"

"ஒருவரைப் பரீட்சை செய்ய."

"என்ன பாடம்?"

"பதினேழாம் நூற்றாண்டில் இரான் நாட்டு ஷியா மதரசாக்களில் எப்படிப் படித்தார்கள் என்பது."

அவர் என்னைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். "அதை இங்கே வந்துதான் கேட்க வேண்டுமா?" என்றார். நியாயமான சந்தேகம்தான். எனக்கும் அது இருந்தது.

விஷயம் இதுதான். இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஓர் ஆய்வேடு வந்திருக்கிறது. அதற்கு நான் வெளித் தேர்வாளர். ஆய்வேட்டை எழுதியவரை எதிரே உட்காரவைத்து நேர்முகமாகக் கேள்வி கேட்டு, பட்டம் கொடுக்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். ஆயிரம் விளக்கு மசூதிக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவள் நான். முஹர்ரம் ஊர்வலத்தை ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்ததில் தொடங்கிய ஆர்வம், பாரசீகம் படிக்கவைத்து, இஸ்பஹான் வரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்த ஊர் மதரசாக்களைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறேன். அதை முழுக்க வாசித்தவர்களை ஒரே ஆட்டோவில் ஏற்றிவிடலாம். அவர்களில் ஒருவர் ஆக்லாந்தில் இருக்கிறார் என்றபோது எனக்கு ஏற்பட்ட பூரிப்பைச் சொல்லி மாளாது.

பூரிப்பு நான்காவது அத்தியாயம் வரைதான் நீடித்தது. அதில் வாசுகி என்ற அந்த ஆய்வாளர் என் புத்தகத்தின் அடிமடியிலேயே கை வைத்திருந்தார்.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சபவி அரசர்கள் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரானை ஷியா நாடு என்று அறிவித்துவிட்டார்கள். அறிவித்த பிறகுதான், பாடம் சொல்லித்தர ஆள் போதாது என்பது உறைத்தது. லெபனான் மலைப்பக்கத்திலிருந்து அறிஞர்களை வருந்தி வருந்தி அழைத்தார்கள். அடுத்த நூற்றாண்டில் இஸ்பஹானில் தடுக்கி விழுந்தால் மதரசா. அரசர் கட்டியது, அரச குடும்பத்துப் பெண்கள் கட்டியது, வியாபாரிகள் கட்டியது. நடுவில் முற்றம், சுற்றிலும் இரண்டு மாடிக்கு மாணவர்களின் சின்னச் சின்ன அறைகள். செலவுக்கு, தர்மத்துக்கென்று எழுதிவைத்த வக்ஃபுச் சொத்து. ஆசிரியர் உட்கார்ந்து பாடம் சொல்வார், மாணவர்கள் வட்டமாகச் சூழ்ந்து கேட்பார்கள். அந்த வட்டம்தான் கல்வியின் உயிர் என்பது என் கட்சி.

அதற்குப் பிறகு இன்னொன்று நடக்கும். மாணவர்கள் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் ஆசிரியர் மாதிரி அன்றைய பாடத்தைத் திரும்பச் சொல்ல, மற்றவர் குறுக்கே குறுக்கே விழுந்து மறுப்பார். முபாஹஸா என்று பெயர். இன்றைக்கும் ஷியா மதரசாக்களில் நடக்கிற வழக்கம். இதை நான் என் புத்தகத்தில் ஏதோ வீட்டுப்பாடம் போல ஓர் அடிக்குறிப்பில் முடித்துவிட்டேன். வாசுகி சொல்வது, உயிர் அங்கேதான் இருந்தது, வட்டம் வெறும் சடங்கு என்று. நான் என் அறிக்கையில், "நான்காம் அத்தியாயம் நிற்காது. நேர்முகத்தில் நிலைநாட்டினால் தேர்ச்சி, இல்லையென்றால் திரும்ப எழுத வேண்டும்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். அவரை முன்கூட்டிச் சந்திப்பதற்கோ பேசுவதற்கோ அனுமதி இல்லை. நானும் விரும்பவில்லை.

தங்கியது ஆக்லாந்தின் புறநகரான தகனினியில், என் கல்லூரித் தோழி மலர் வீட்டில். மதுரைக்காரி. புதுவீடுகள் வரிசையாக ஒரே அச்சில் நிற்கிற பகுதி. முதல் நாள் நடைக்குப் போய்விட்டுத் திரும்பி, யாரோ ஒரு பஞ்சாபிக்காரர் வீட்டு மணியை அழுத்தி, "மலர், கதவைத் திறடி" என்று கத்தியவள் நான்தான். அவர் சிரித்துக்கொண்டே சரியான வாசலைக் காட்டினார். அடிக்கடி நடக்கிறதாம்.

"நீ ஃபெயிலாக்க வந்திருக்கிற ஆளு யாருடி?" என்று மலர் சாப்பாட்டு மேஜையில் துருவினாள்.

"பேரெல்லாம் சொல்லக் கூடாது."

"ஆமா, பெரிய ராணுவ ரகசியம்! இந்த ஊர்ல தமிழ் ஆளுங்க எல்லாம் எங்கயாச்சும் ஒரு பர்த்டே பார்ட்டியில வந்து மாட்டுவாங்க, பாத்துக்கோ."

நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை தனியாக ஊர் சுற்றக் கிளம்பினேன். பஸ் நிறுத்தத்தில் அடக்க ஒடுக்கமாக நின்றேன். ஒரு பஸ் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. நம் ஊரில் கை காட்டினாலும் நிற்காது, இங்கே கை காட்டாமல் நிற்காது என்பது பிறகு வந்த ஒரு சீனப் பாட்டி கையை நீட்டியபோதுதான் தெரிந்தது. இறங்கும்போது ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்கிறார்கள். சென்னையில் நான் அப்படிச் சொன்னால், "இன்னாம்மா, இறங்க வேண்டிய ஸ்டாப்பு போயிடுச்சா?" என்று கேட்பார்கள். சூப்பர் மார்க்கெட்டில் கோட்டு சூட்டோடு ஒரு மனிதர் வெறுங்காலோடு பால் வாங்கிக்கொண்டிருந்தார். மழை வந்தது, வெயில் வந்தது, மறுபடி மழை வந்தது, எல்லாம் ஒரு பை தின்று முடிப்பதற்குள். பை என்றால் இறைச்சி அடைத்த வட்டமான ரொட்டி மாதிரி ஒன்று. முதல் கடியில் நாக்கு வெந்துவிட்டது. பரீட்சைக்குக் கேள்வி கேட்க நாக்கு வேண்டுமே என்று மிச்சத்தை ஊதி ஊதித் தின்றேன்.

சனிக்கிழமை மலர் வீட்டில் விருந்து. தெரிந்த யாழ்ப்பாணக் குடும்பம் ஒன்றை அழைத்திருந்தாள். கணவர் நேசன் வங்கியில் மோட்கேஜ் பிரிவில் இருக்கிறவர், மனைவி த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதியில் மருந்துக்கடையில் வேலை செய்கிறவர். மலர் அந்த அம்மாவை 'ஃபார்மசி அக்கா' என்றே சொல்வாள். வந்தது கணவர் மட்டும்தான், கையில் ஒரு பெரிய சட்டியோடு.

"மனுசிக்குத் திங்கக்கிழமை சோதினை. அவ வரேல்ல. கறியை மட்டும் சமைச்சுத் தந்து விட்டவ" என்றார்.

மருந்துக்கடைக்காரர்களுக்கு ஏதோ புது உரிமச் சோதனை போலிருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டேன். படித்த மூளை, வேறென்ன செய்யும்? மேலும் அந்தச் சட்டியைத் திறந்ததும் யோசனை என்ற ஒன்றே என்னைவிட்டுப் போய்விட்டது. முருங்கையிலை போட்ட நண்டுக் கறி. சென்னையில் நாங்கள் வைக்கிற நண்டுக் குழம்பு இதன் பக்கத்தில் வந்தால் மரியாதையாக எழுந்து போய்விட வேண்டும். நான் இரண்டு கையாலும் இறங்கிவிட்டேன்.

"நீங்கள் இந்தியாவில என்ன செய்யிறியள்?" என்று கேட்டார் நேசன்.

"சரித்திரம் சொல்லித்தர்றேன். பழைய இரான், அங்கே இருந்த மதரசாக்கள்."

அவர் முகம் மலர்ந்தது. "சபவிக் காலமோ?"

ஆக்லாந்தில் வீட்டுக்கடன் கொடுக்கிற ஒருவர் சபவி என்ற சொல்லைச் சொல்லுவார் என்று யார் எதிர்பார்த்தார்கள்! எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. நண்டுக் காலை ஆட்டி ஆட்டி, ஆசிரியரைச் சுற்றி உட்கார்ந்த வட்டத்தைப் பற்றி ஒரு குட்டிச் சொற்பொழிவே ஆற்றினேன். மலர் கொட்டாவி விட்டாள். நேசன் மட்டும் விரலை உயர்த்தினார்.

"ஒரு ஆட்சேபம் சொல்லட்டோ? வாத்தியார் சொல்லிப்போட்டு எழும்பிப் போயிடுவார். விளங்கினதோ விளங்கேல்லையோ எண்டு அவருக்கு என்னெண்டு தெரியும்? பக்கத்து அறைக்காரனுக்குத்தான் தெரியும்."

என் கை நின்றுவிட்டது. அது நான்காம் அத்தியாயத்தின் முதல் பத்தி. ஆங்கிலத்தில் படித்ததை இப்போது யாழ்ப்பாணத் தமிழில் கேட்கிறேன்.

"இதை உங்களுக்கு யாரு சொன்னது?"

"என்ர மனுசிதான். அவவின்ர ஆராய்ச்சி இது. ஒவ்வொரு நாளும் விடிய, தேத்தண்ணியோட நாங்கள் ரெண்டு பேரும் இருந்து அந்த மதரசாப் பெடியள் மாதிரிச் சண்டை பிடிக்கிறனாங்கள். ஒரு நாள் அவ வாத்தியார், ஒரு நாள் நான். எனக்கு ஒரு மண்ணும் விளங்காது. அதுதான் தனக்கு வேணுமாம்! கடைக்கு வாற ஈரான் சனத்தோட கதைச்சுக் கதைச்சே பாசையைப் பிடிச்சிட்டா. இப்ப பாமசி வேலையையும் விட்டாச்சு. திங்கக்கிழமை பாஸெண்டால் யூனிவர்சிட்டியில படிப்பிக்க எடுக்கிறம் எண்டு சொல்லியிருக்கினம். பாஸில்லாட்டி அந்த இடம் வேற ஆருக்கோ போயிடும். சென்னையில இருந்து ஒரு பொல்லாத மனுசி வந்திருக்குதாம், அவதான்..."

அங்கே நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார்.

"அந்தப் பொல்லாத மனுசி நான்தான்" என்றேன்.

மலர் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். நேசன் எழுந்தே நின்றுவிட்டார். "ஐயோ, கெடுத்துப்போட்டனே! சத்தியமா எனக்குத் தெரியாது. ஆரெண்டு பேரைக் கூட அவ சொல்லேல்ல, கேக்கவும் கூடாதெண்டவ" என்று என் தட்டையே பார்த்தார். கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா என்று யோசித்தாரோ என்னவோ. பிறகு சட்டியை மூடித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு விரைந்தார்.

"கறியை வச்சிட்டுப் போங்கண்ணா, அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்று மலர் பின்னாலேயே ஓடினாள். சட்டி தப்பியது.

எனக்குத் தூக்கம் கெட்டது. சொல்லாமல் விட்டால் நாளைக்கு யாராவது மோப்பம் பிடித்து, அந்த அம்மாவின் பட்டத்துக்கே வேட்டு வைத்துவிடுவார்கள். சொன்னால் பரீட்சையைத் தள்ளிவைத்துவிட்டால் என்ன செய்வது? வேலை கைநழுவிப் போகுமே. ஞாயிற்றுக்கிழமை காலையில் துணிந்து தேர்வுக் குழுத் தலைவியைக் கூப்பிட்டேன். ஹெலன் என்று பெயர், வெள்ளைக்காரப் பேராசிரியை. முழுக் கதையையும் கேட்டுவிட்டுக் கடகடவென்று சிரித்தார்.

"இது சின்ன ஊர். யாருடன் யார் சாப்பிடவில்லை? கறி நன்றாக இருந்ததா?"

"அதுதான் பிரச்சினையே."

"நடந்ததை நான் மாணவிக்குச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு மறுப்பில்லை என்றால் நாளைக்கே நடத்தலாம்" என்றார். மாலையில் தகவல் வந்தது, மாணவிக்கு மறுப்பில்லை. மனசாட்சி சுத்தமாகிவிட்டது என்று நிம்மதியாக மிச்சக் கறியைச் சூடு பண்ணிச் சாப்பிட்டேன். அந்தக் கறியேதான் மறுநாள் என் காலை வாரப்போகிறது என்று எனக்கென்ன தெரியும்?

திங்கட்கிழமை. ஜன்னலுக்கு வெளியே துறைமுகம் தெரிகிற அறை. வாசுகி எனக்கு முன்பே வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, இறுக்கிப் பின்னிய தலை. என்னைக் கண்டதும் எழுந்து, நான் உட்காரப்போகிற நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் ஊற்றி வைத்தார். "ஏசி குளிருதோ? குறைக்கச் சொல்லட்டோ?" என்றார். வேண்டாம் என்று ஆங்கிலத்தில் முறைப்பாகச் சொல்லிவிட்டுக் கேள்விகளை ஆரம்பித்தேன்.

அவரிடம் இருந்த பெரிய சான்று ஒரு பாடநூலின் பழைய பிரதி. அதன் ஓரங்களில் இரண்டு கையெழுத்துகள். ஒன்று ஆட்சேபிக்கிறது, மற்றது பதில் சொல்கிறது. ஆசிரியர் பெயர் எங்குமே இல்லை. அது இரண்டு மாணவர்கள் சேர்ந்து படித்த தடயம் என்பது அவர் வாதம்.

"ஆசிரியர் வட்டத்தில் சொன்னதையே இரண்டு பேர் தனித்தனியாக எழுதியிருக்கலாமே?" என்றேன்.

"ஆம், நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம்."

"அப்படியானால் இந்த அத்தியாயத்தின் பாதி விழுந்துவிடுமே."

"ஆம், அதுவும் சரிதான்."

"வக்ஃபு ஆவணங்களில் ஆசிரியருக்குச் சம்பளம் இருக்கிறது. இருவர் படிப்பைப் பற்றிப் பேச்சே இல்லை."

"நன்றாகச் சொன்னீர்கள். நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்."

உண்மையைச் சொல்கிறேன், முதல் கொஞ்ச நேரம் எனக்கு இனித்தது. என் துறையில் எல்லாரும் "ஆமா மேடம்" பேர்வழிகள். நான் பதினேழாம் நூற்றாண்டைப் பதினெட்டு என்று சொன்னாலும் குறித்துக்கொள்வார்கள். அந்தச் சுகம் இங்கேயும் கிடைக்கிறதே என்று சாய்ந்து உட்கார்ந்தேன். பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். ஹெலன் பேனாவை மூடி வைத்துவிட்டார். மூலையில் உட்கார்ந்திருந்த நெறியாளர் தலையைப் பிடித்துக்கொண்டார். இப்படியே போனால் இந்த அம்மா தன் ஆய்வேட்டைத் தானே குழி தோண்டிப் புதைத்துவிடுவார், அவர் தோற்றுப்போனதாக நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான். தினமும் விடியற்காலையில் கணவரோடு சண்டை பிடிக்கிற பெண்ணா இது?

ஹெலன் சிறு இடைவேளை விட்டார். நடைவழியில் வாசுகி கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். பயத்தம் பணியாரம், பயற்ற மாவில் செய்கிற யாழ்ப்பாணத்து இனிப்பு. "எடுங்கோ. சனிக்கிழமை நீங்கள் வடிவாச் சாப்பிட்டனீங்களோ? அவர் பதட்டத்தில ஒழுங்காப் பரிமாறியிருக்க மாட்டார்" என்றார், ரொம்பக் கவலையாக.

அப்போதுதான் மண்டையில் அடித்த மாதிரி விளங்கியது. நான் தேர்வாளரே இல்லை. அவர் சமைத்ததைத் தின்ற விருந்தாளி! கை நனைத்த விருந்தாளியின் முகத்துக்கு நேரே "நீ சொல்வது தப்பு" என்று எந்த வீட்டு அம்மா சொல்வார்? சாப்பாடு தேர்வாளரை வளைத்துவிடும் என்று பயந்துதான் உலகம் முழுக்க விதி போட்டிருக்கிறார்கள். அது சமைத்தவரையும் வளைத்துவிடும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? விதி போட்டவர்கள் யாரும் தமிழர்கள் இல்லை.

உள்ளே போய் உட்கார்ந்தேன். "தலைவி அனுமதித்தால் தமிழில் ஒரே ஒரு வாக்கியம்" என்றேன். ஹெலன் புருவத்தை உயர்த்தித் தலையாட்டினார். நான் வாசுகியை நேராகப் பார்த்தேன். சாப்பிட்ட வாய் கூசியது, ஆனாலும் சொன்னேன்.

"உங்க நண்டுக் கறி சுமார்தான். தேங்காய்ப் பாலைக் கொட்டிக் கெடுத்துட்டீங்க."

வாசுகியின் முதுகு நிமிர்ந்தது. மூக்கு விடைத்தது.

"என்ன சொன்னீங்கள்? நண்டுக்குப் பால் விடாமல் வேற என்னத்தை விடுறது? பச்சைத் தண்ணியோ? கறியும் தெரியாது உங்களுக்கு, மதரசாவும் தெரியாது!"

ஹெலன் மொழிபெயர்க்கச் சொன்னார். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அவர் பேனாவின் மூடியை மறுபடி கழற்றினார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பரீட்சை என்று சொல்ல முடியாது. வாசுகி ஆங்கிலத்துக்குத் தாவி, என்னை மூச்சு விடவிடாமல் பிடித்துக்கொண்டார். ஓரத்துக் குறிப்புகள் ஆசிரியர் சொன்னவை என்றால், ஒரு கையெழுத்து மற்றதை, நேற்றும் உனக்கு இது புரியவில்லையே என்று ஏன் கேலி செய்கிறது? எந்த ஆசிரியர் தன்னைத்தானே கேலி செய்துகொள்வார்? நான் வக்ஃபுச் சம்பளத்தை மறுபடி எடுத்தேன்.

"அதே ஆவணத்தில் விளக்கு எரிக்கிற எண்ணெய்க்கும் செலவு எழுதியிருக்கிறது" என்றார். "விளக்கா பாடம் நடத்தியது? சம்பளம் வாங்குகிறவர்கள் எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது?"

சம்பளம் வாங்கும் பேராசிரியர்கள் மூன்று பேரும் மேஜையைப் பார்த்தோம்.

"ஆசிரியர் பணி காலியாகக் கிடந்த மதரசாக்களிலும் அறைகள் நிரம்பியிருந்தனவே, அந்த மாணவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?" என்று அவர் அடுத்துக் கேட்டார். என் புத்தகத்தில் வட்டத்தைப் பற்றிய அத்தியாயம் என் கண் முன்னாலேயே சரிந்தது. எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தது அழுகை. சந்தோஷத்தில்தான். எத்தனை வருடமாயிற்று, ஒரு மனுஷி என் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்லி, அந்த இல்லைக்குக் காரணமும் சொல்லி! மூக்கைச் சிந்துவதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சிறு திருத்தங்களோடு தேர்ச்சி. ஹெலன் அறிவித்தார், எல்லாரும் கைதட்டினோம். வாசுகி "நன்றி" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "உங்கட ரெண்டாம் அத்தியாயத்திலயும் ஒண்டு இருக்கு. லெபனான் அறிஞர்கள் வந்து ஆரோட படிச்சவை எண்டு நீங்கள் பாக்கவே இல்லை."

"பார்த்தேன், அது அவ்வளவு முக்கியமில்லை" என்றேன் நான். விடுவேனா?

லிஃப்டில் சண்டை. கீழே வரவேற்பறையில் சண்டை. தெருவுக்கு வந்தோம், வெயிலும் தூறலும் ஒன்றாக இருந்தது. நடைபாதையின் ஓரத்தில் காரை நிறுத்தி, வங்கிக்கு விடுப்புப் போட்டுவிட்டு நேசன் நின்றிருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடித்திருக்க மாட்டார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் முன்னால் போய் நின்றும் நாங்கள் நிறுத்தவில்லை. அவர் வாசுகியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் தாங்க முடியாமல் நடுவில் புகுந்தார்.

"வாசுகி, என்னெண்டு சொல்லுமன்! பாஸோ?"

வாசுகி என்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் கையை மட்டும் அவர் பக்கம் நீட்டித் தடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்கோப்பா. இவ இன்னும் பிழையாத்தான் சொல்லிக்கொண்டு நிக்கிறா."